கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது

முகிந்தோ குடித்துக்கொண்டே இருந்தான். கபுகோவுக்கு அந்த ஒன்றுதான் தைரியம். வயிற்றால் போகிற பிள்ளை குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினால்தான் பயப்பட வேண்டும் என்று கட்வே என்கிற அந்த உப்பேரிக் கிராமத்தில் எல்லாப் பெண்களும் சொல்வார்கள். இவன் திருப்பவில்லை. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லில் இடிபட இடிபடக் குடித்தான். எடுத்தால் கத்தினான். திரும்ப வைத்தால் குடித்தான்.

"பாரு எப்படி இழுக்கறான்னு. இவனுக்காடி சீக்கு?" என்றாள் பீரா. பீரா கபுகோவின் புருஷனுக்கு அக்கா. இரண்டு பேருக்கும் ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்து உப்புப் பாத்தி. பாத்தி ஓரத்தில் நாலு கம்பு நட்டு, மேலே கோணி போட்டு, அதன் நிழலில்தான் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள்.

வீட்டில் விட்டுவர முடியாது. வெயில் காலம். பாத்தியில் உப்பு ஏடு கட்டி நிற்கிறது. ஒரு மழை அடித்தால் அத்தனையும் கரைந்து ஏரிக்கே போய்விடும். அதனால் ஒருத்தி முழங்கால் வரை இறங்கி வாரினால் மற்றவள் நிழலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கொடுப்பாள். பிறகு அவள் இறங்குவாள், இவள் ஏறுவாள்.

கொடுத்தது கபுகோ தானே கலந்த தண்ணீர். கிராமத்துக்கு வந்த சுகாதாரப் பெண் போன மழைக்காலத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது அது. கொதித்து ஆறின தண்ணீர், இவ்வளவு சர்க்கரை, கரண்டியில் தலை தட்டி இவ்வளவு உப்பு. கலக்கினதும் வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். கடையில் விற்கிற பொட்டலம் கிடைத்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். கபுகோ கேட்டபோது கடையில் பொட்டலம் இல்லை.

சுகாதாரப் பெண் சொன்னது சொன்னபடிதான் கபுகோ போட்டாள். வாயில் விட்டுப் பார்த்தாள். வெறும் சர்க்கரைத் தண்ணீர். உப்பு போட்ட சுவடே இல்லை. அந்தச் சுகாதாரப் பெண் மலைப்பக்கத்துக்காரி, கடை உப்பை வைத்து அளவு சொல்லியிருக்கிறாள், கடை உப்பு மாவு மாதிரி இருக்கும், நம் பாத்தி உப்பு கல்லும் கரடுமாக இருக்கிறது, அளவு பற்றாது போல என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். அப்போதும் கரிக்கவில்லை. பீராவிடம் நீட்டினாள். பீரா ஒரு மடக்கு குடித்து, நாக்கைச் சப்புக் கொட்டி, இதில் உப்பே இல்லை, இதைக் குடித்தா பிள்ளைக்குத் தெம்பு வரும் என்று கேட்டு, தன் பங்குக்கு மூன்று விரலால் அள்ளிப் போட்டாள். பிறகு இருவருக்கும் லேசாக ஒரு கரிப்பு தட்டியது. கண்ணீர் அளவுதான். சரி என்று பாட்டிலில் ஊற்றிக்கொண்டார்கள்.

பேதி குறைந்தது. அது நல்லது என்றுதான் கபுகோவும் நினைத்தாள். ஆனால் பிள்ளை தெளியவில்லை. அழுகிற சத்தம் மாறிவிட்டது. பிள்ளை அழுகிற மாதிரி இல்லாமல் பூனை கத்துகிற மாதிரி, மூக்குக்கு மேலே ஏறி, கூர்மையாக வந்தது. உதடு வெடித்திருந்தது. அழுகிறான், கண் காய்ந்து கிடக்கிறது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பிசைந்து வைத்த மரவள்ளி மாவு மாதிரி கெட்டியாக, மெத்தென்று இருந்தது. தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு உதறினான். கீழே விட்டால், அவனுக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னான்.

"தண்ணி."

கொடுத்தாள். பாட்டில் தீர்ந்தால் பீரா வீட்டுக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று கலந்து வந்தாள்.

கபுகோவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் பீரா, இரண்டு பெண்ணுக்குப் பிறகு பிறந்த ஆண் என்று நீ ரொம்பத்தான் நடுங்குகிறாய் என்பாள். பாத்திக்குள் நின்று பலகையால் வாரும்போதும் காது நிழலிலேயே இருந்தது. அவன் கத்தினாலும் பயம். கத்துவது நின்றாலும் பயம்.

கத்துவது நின்றது.

பலகையைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையின் இடது கை மட்டும் தனியாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பீரா அந்தக் கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள், அமுக்கினால் நின்றுவிடும் என்பது போல.

கரையில் இருந்தவர்கள் ஏரியைப் பார்த்துக் கூவினார்கள். கபுகோவின் புருஷன் மாசெரேக்கா நடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடப்பாரையால் அடியில் உறைந்த உப்புப் பாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். பெயர்த்ததைத் தெப்பத்தோடு அப்படியே விட்டுவிட்டு வந்தான். வண்டிக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் அவன் தொடையில் தண்ணீர் காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவன் முன்னால், மாசெரேக்கா பின்னால், நடுவில் கபுகோ மடியில் பிள்ளையோடு. பீரா பாட்டிலை அவள் கையில் திணித்தாள். வழியில் கொடு என்றாள்.

சுகாதார நிலையத்துக்குப் போகிற காட்டு வழியில் யானை. ரோட்டை அடைத்துக்கொண்டு குட்டியோடு நின்றது. யானை நின்றால் நிற்க வேண்டியதுதான். ஓட்டுகிறவன் எஞ்சினை அணைத்தான். இழுப்பு நின்று, பிள்ளைக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. தண்ணி என்றான். கபுகோ பாட்டில் மூடியைத் திறந்தாள். அந்த யானை நகர்கிற வரைக்கும் அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மாசெரேக்கா அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சிந்தாமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

சுகாதார நிலையத்தில் கெமிகிசா என்கிற நர்ஸ் மட்டும் இருந்தாள். அவளும் மலைப்பக்கத்துக்காரி. வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பிள்ளையைக் கட்டிலில் போட்டதும் மறுபடி கை இழுத்தது. ஊசி போட்டாள். இழுப்பு அடங்கியது. தோலைப் பிடித்துப் பார்த்தாள், உச்சந்தலையைத் தடவிப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். பேதி எத்தனை தடவை என்று கேட்டவள், பதிலைக் கேட்டுவிட்டு, இவ்வளவு போன பிள்ளைக்குத் தோல் வற்றிச் சுருங்கியிருக்கும், இப்படி மாவு மாதிரி இருக்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, என்ன கொடுத்தீர்கள் என்றாள்.

கபுகோ கொஞ்சம் பெருமையோடுதான் பாட்டிலை நீட்டினாள். நாட்டு வைத்தியம் எதுவும் செய்யவில்லை, சொல்லிக்கொடுத்த தண்ணீரைத்தான் கொடுத்தேன், நன்றாகக் குடித்தான் என்றாள்.

கெமிகிசா உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினாள். உடனே ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தும் முகம் கோணலாகவே இருந்தது.

"முகிந்தோ அம்மா, இதை யாரு ருசி பாத்தது?"

"நான்தான். எங்க நாத்தனாரும் பாத்தாங்க."

"கரிக்கலயா?"

"கண்ணீர் அளவுதான் இருந்துச்சு."

நர்ஸ் கோபப்படுவாள் என்று கபுகோ எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அளந்து வைத்த தண்ணீரில் கலக்கி, ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டினாள். குடித்துப் பார்க்கச் சொன்னாள். கபுகோ குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"சக்கரத் தண்ணி."

"உப்பு?"

"உப்பு எங்க இருக்கு இதுல?"

தம்ளர் மாசெரேக்காவிடம் போனது. அவனும் ஒரு வாய் குடித்தான். உப்பு போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டான். கெமிகிசா இருவரையும் மேலிருந்து கீழே பார்த்தாள். அவன் தொடையில் பூத்திருந்த வெள்ளை, அவள் விரல் இடுக்கில் இருந்த புண், இருவர் உதட்டிலும் காய்ந்திருந்த பொடி. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தது கபுகோவுக்குப் பயமாக இருந்தது. நர்ஸ்கள் உட்கார மாட்டார்கள்.

அவள் சொன்னதை கபுகோ பிறகு எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உங்கள் நாக்கு உப்பிலேயே ஊறி மரத்துவிட்டது, உங்களுக்குக் கண்ணீர் அளவு என்பது பிள்ளைக்குக் கடல் அளவு என்று சொன்னாள். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைகள் இருக்கின்றன. மூளையும் அந்தப் பைகளால் ஆனதுதான். பையின் தோல் தண்ணீரைச் சுலபமாக விடும், உப்பை அப்படி விடாது. எந்தப் பக்கம் உப்பு கூடுதலோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் ஓடும். இவன் ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது. பைகளுக்குள்ளிருந்த தண்ணீர் வெளியே வந்து, பைகள் சுருங்கிக் கிடக்கின்றன. அவன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது அந்தச் சுருக்கத்தால்தான். நீங்கள் கொடுத்தது அதை இன்னும் சுருக்கியது.

கபுகோவுக்கு மீன் ஞாபகம் வந்தது. வயிற்றைக் கீறி உப்பை அப்பி, கோணி மேல் அடுக்கி வைப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் கோணிக்கு அடியில் குளம் கட்டியிருக்கும். மீன் மேல் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். அத்தனையும் மீனுக்குள்ளிருந்து வந்தது.

என் பிள்ளையை நானே அப்படிப் போட்டு வைத்தேன் என்று நினைத்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நல்ல தண்ணி குடுங்க சிஸ்டர். நிறையக் குடுங்க."

"அதுதான் குடுக்கக் கூடாது."

அதுவரை சுவரோடு நின்ற மாசெரேக்கா நிமிர்ந்தான். கெமிகிசா அவனைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். சுருங்கின பைகள் சும்மா இருக்கவில்லை. இருக்கிற தண்ணீரையாவது பிடித்து வைத்துக்கொள்ள, உள்ளே தாங்களும் உப்பு மாதிரி சிலதைச் சேர்த்து வைத்திருக்கும். இப்போது வெறும் தண்ணீரைக் கடகடவென்று ஊற்றினால் எல்லாம் ஒரே பாய்ச்சலாக உள்ளே போகும். பை ஊதும். மூளை ஊதினால் மண்டை ஓட்டுக்குள் அதற்கு இடமில்லை. அதனால், சரியாகக் கலந்த இந்தத் தண்ணீரை மட்டும், கரண்டி கரண்டியாக, விட்டு விட்டு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேசினாள். அவரும் அதையேதான் சொன்னார். வண்டி அனுப்புகிறேன், வருகிற வரை அவசரப்படாதே என்றார்.

சின்னக் கரண்டியும் கிண்ணமும் கபுகோ கையில் வந்தன. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, முள் எங்கே வந்தால் ஒரு கரண்டி என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்து அறையில் பிரசவ வலியில் ஒருத்தி கத்தினாள். கெமிகிசா அங்கே ஓடினாள். ஓடுகிறபோது திரும்பி, அவன் கெஞ்சுவான், கொடுத்துவிடாதே என்றாள்.

கெஞ்சினான். ஊசி மயக்கம் தெளிந்ததும் ஆரம்பித்தான். ஒரு கரண்டி விட்டால் நாக்கு வெளியே வந்து கரண்டியின் அடியை நக்கியது. வலது கையால் கிண்ணத்தைப் பிடிக்கப் பார்த்தான். இடது கை பக்கத்தில் கிடந்தது. கபுகோ அந்தக் கையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முள் நகரவில்லை. பாத்தியில் நிற்கும்போது சூரியன் என்ன ஓட்டம் ஓடுவான். இந்த முள்ளுக்குக் கால் இல்லையா என்றிருந்தது.

அப்போது பீரா வந்து சேர்ந்தாள், தோளில் மஞ்சள் கேன் நிறைய நல்ல தண்ணீரோடு. கட்வேயில் நல்ல தண்ணீர் என்பது தூரத்திலிருந்து வருகிற சமாச்சாரம். அதை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலில் பிள்ளை நாக்கை நீட்டிக்கொண்டு கிடப்பதையும், தாய் கிண்ணத்தை எட்ட வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பதையும் பார்த்தாள்.

"ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா? புள்ள நாக்கு வறண்டு கெடக்கான், நீ மணி பாத்துட்டு உக்காந்திருக்க?"

கபுகோ நர்ஸ் சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே பீரா கேனைத் திறந்து குவளையில் ஊற்றிவிட்டாள். மலைக்காரிகளுக்கு ஏரிக்காரர்களைக் கண்டால் இளக்காரம், தண்ணீருக்குக்கூடக் கணக்கு வைக்கிறார்கள் என்றாள். தண்ணீர் சத்தம் கேட்டதும் முகிந்தோ தலையைத் திருப்பினான். அந்தப் பூனைக் குரலில் கத்தினான்.

மாசெரேக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "குடு கபுகோ. ஒரு வாய் குடு. ஒரு வாய்ல என்ன ஆயிடும்? தண்ணிதானே கேக்கறான்."

அவளுக்கும் அதேதான் தோன்றியது. ஒரு வாய். தாகத்தில் கிடக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து யார் செத்தார்கள்? கை கரண்டியை விட்டுவிட்டுக் குவளைக்குப் போகப் பார்த்தது. புருஷனின் காலைப் பார்த்தாள். வெடித்த பாதம். வெடிப்புக்குள் இன்னும் உப்பு.

"நீ ஏரியிலருந்து ஏறினதும் கால நல்ல தண்ணியில வைப்பியா?" என்று கேட்டாள்.

அவன் விழித்தான்.

"சொல்லு. வைப்பியா?"

வைக்க மாட்டான். ஏரியில் வேலை செய்கிற எவனும் வைக்க மாட்டான். முதல் பருவத்தில், கல்யாணமான புதிதில், எரிச்சல் தாங்காமல் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் அப்படியே காலை விட்டு உட்கார்ந்துவிட்டான். தோல் ஊதி வெளுத்து, வெடிப்பெல்லாம் வாய் பிளந்து, நடக்க முடியாமல் கிடந்தான். அவள்தான் மாவு குழைத்துப் போட்டாள். அதன் பிறகு, மேலே ஏறினால் நிழலில் உட்கார்ந்து, ஈரத் துணியால் ஒற்றி, எண்ணெய் தடவி, கடைசியில்தான் கழுவுவான்.

"அது காலு," என்றான். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"இது மண்டைக்குள்ள."

பீரா அதற்கெல்லாம் நிற்கவில்லை. குவளையோடு பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்தாள். கபுகோ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவருடையதும் பலகை இழுத்துக் காய்ப்புப் பிடித்த கைகள். ஒருவரும் விடவில்லை. குவளை சாய்ந்து தண்ணீர் கட்டிலிலும் தரையிலும் கொட்டியது. நனைந்த விரிப்பைப் பிள்ளை வாயால் கவ்விச் சப்பப் பார்த்தான். கபுகோ விரிப்பை இழுத்துச் சுருட்டித் தூரப் போட்டாள்.

"உப்பப் போட்டுப் புள்ளையக் கெடுத்ததும் நீ. தண்ணி குடுக்காம சாகடிக்கறதும் நீ," என்றாள் பீரா.

"நீயும்தான் போட்டக்கா. மூணு விரலால அள்ளிப் போட்ட."

பீரா தன் விரல்களைப் பார்த்தாள். எனக்குக் கரிக்கவில்லையேடி என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு கேனின் மூடியை இறுக்கித் திருகிவிட்டு, வாசலுக்குப் போய் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அழுதாளா என்று கபுகோ திரும்பிப் பார்க்கவில்லை. முள் வந்திருந்தது. ஒரு கரண்டி விட்டாள்.

வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஏறியது. வண்டி வரவில்லை. கேட்டதற்கு, கிளம்பிவிட்டது என்றார்கள். கெமிகிசா நடுநடுவே ரத்தக் கறை படிந்த உடுப்போடு வந்து, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு தடவை பிள்ளையின் இடுப்புத் துணி ஈரமாயிருந்தது. கபுகோ அதைப் பெரிய சேதியாகச் சொன்னாள். நர்ஸ் முகர்ந்து பார்த்து, சிறுநீர்தான், நல்லது என்றாள். அசையாமல் கிடந்த இடது கையைப் பற்றிக் கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றாள்.

கரண்டிக்கும் கரண்டிக்கும் நடுவில் கபுகோவின் நினைப்பு வீட்டுக்குப் போனது. இரண்டு பெண் பிள்ளைகள். தினமும் அவர்களுக்கு மரவள்ளிக் களியும் பீன்ஸும் ஆக்குகிறவள் இவள். வாயில் விட்டுப் பார்த்துத்தான் உப்புப் போடுகிறாள். பெரியவள் சாப்பிட்டதும் ஓடிப்போய் மடமடவென்று தண்ணீர் குடிப்பாள், தூரத்திலிருந்து தூக்கிவருகிற தண்ணீரை இப்படியா தீர்ப்பாய் என்று இவள் திட்டுவாள். அந்தத் திட்டெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

முகிந்தோ மறுபடி அழுதான். கபுகோ கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. பிறகுதான் சத்தம் உறைத்தது. பூனைச் சத்தம் இல்லை. கோபம் வந்த பிள்ளை வயிற்றிலிருந்து எடுத்து அழுகிற அழுகை.

"இங்க பாரு," என்றான் மாசெரேக்கா.

வலது கண் ஓரத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. காதுப் பக்கமாக வழிந்தது. பின்னால் இன்னொன்று.

கபுகோ சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தொட்டு வைத்தாள். மழைத் தண்ணீர் மாதிரி இருந்தது. புருஷனிடம் விரலை நீட்டினாள். அவனும் வைத்துப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"உனக்காவது கரிக்குதா?"

"இல்ல."

இருவரும் அந்தத் துளி வழிந்த தடத்தையே பார்த்தார்கள்.

"தண்ணி," என்றான் முகிந்தோ.

கபுகோ கிண்ணத்திலிருந்து கரண்டியை நிரப்பினாள். வாசலைத் தாண்டிப் போன கெமிகிசா நின்று, பிள்ளையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் போகட்டும், முகிந்தோ அம்மா."

கபுகோ நிரம்பின கரண்டியை அவன் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.